1977 ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசம்: எந்த செட் எடுப்பது?

வெள்ளைவாளி:
வணக்கம். ஸ்டார் வார்ஸ் உடை அணியும் ரசிகர் அமைப்பான 501ஆவது லீஜியனுக்கு 1977 ஸ்டார் வார்ஸ் படத்து ஸ்டார்ம்ட்ரூப்பராக விண்ணப்பிக்கப் போகிறேன். உயரம் 185 செ.மீ., எடை 78 கிலோ. மூன்று வழி தெரிகிறது: மாறுவேட உடை விற்கும் கடையின் ரெடிமேட் செட், பாகங்கள் வெட்டாமல் வரும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் கிட், இல்லையென்றால் வீட்டு 3டி பிரிண்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அடிப்பது. விற்பவர் எல்லோருமே "திரையில் வந்த அச்சு அசல்" என்றுதான் போடுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? தலைக்கவசத்தில் ஸ்டன்ட் (சாதாரணக் காட்சிகளுக்கு), ஹீரோ (கிட்டத்துக் காட்சிகளுக்கு) என்று வேறு பிரிக்கிறார்களே, எது சுலபம்? அடிப்படை ஒப்புதலுக்கு மேலே, லெவல் 2 வரையாவது போக ஆசை.

பழைய_அச்சு:
"அச்சு அசல்" விளம்பரத்துக்கு மார்க் கிடையாது. நீங்கள் அனுப்பும் படங்களை, உங்கள் கேரிசனின் (லீஜியனின் உள்ளூர்க் கிளை) உறுப்பினர் தொடர்பாளர், சி.ஆர்.எல். என்ற உடை விதிப் பட்டியலோடு பாகம் பாகமாக ஒப்பிட்டுத்தான் ஒப்புதல் தருவார். 1977, 1980, 1983, 2016 படங்களுக்குத் தனித்தனிப் பக்கம் உண்டு. ஒன்றின் தலையை இன்னொன்றின் உடம்பில் வைத்தால் திரும்பி வரும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது இரண்டு. எந்தப் பக்கத்துக்கு, எந்த லெவலில் இந்தக் கிட் ஒப்புதல் வாங்கியிருக்கிறது? அச்சு எங்கிருந்து வந்தது? படப்பிடிப்பில் இருந்த கவசத்தின் வழியில் வந்த அச்சு ஒரு ரகம். படத்தைப் பார்த்துப் புதிதாகச் செதுக்கியது வேறு ரகம். அசல் தலைக்கவசத்தின் முகம் கொஞ்சம் கோணல், இடமும் வலமும் ஒத்துப்போகாது. கணினியில் பாதி முகத்தை வரைந்து மறுபாதிக்குத் திருப்பிப் போட்டது தராசு பிடித்த மாதிரி நேராக இருக்கும். அந்த நேர்த்திதான் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்டன்ட் எடுங்கள். கண்ணுக்குத் தட்டையான பச்சை ஷீட் போதும். ஹீரோவுக்குப் புடைத்த லென்ஸ் வேண்டும். அதன் வழியே பார்த்தால் படிக்கட்டு வளைந்து தெரியும். வாயில் எத்தனை பல்லிடை திறக்க வேண்டும் என்பதும் இரண்டுக்கும் வேறு, பட்டியலில் எண்ணிப் பார்த்த பிறகு கத்தியை எடுங்கள். படத்தில் ஸ்டன்ட் தலைக்கவசங்கள் எச்.டி.பி.ஈ. என்ற வேறொரு பிளாஸ்டிக்கில் வார்த்து வெள்ளை அடித்தவை, உடம்பு ஏ.பி.எஸ். அதற்காக எச்.டி.பி.ஈ. தேடி அலைய வேண்டாம். அதில் பெயின்ட்டும் பிடிக்காது, பசையும் பிடிக்காது. ஏ.பி.எஸ். தலைக்கவசமே ஒப்புதல் ஆகும்.

கன்னத்து நீலக் கோடுகளுக்கு ஹம்ப்ரால் பெயின்ட் எண் 14, சாம்பல் பகுதிகளுக்கு ஹம்ப்ரால் 5. ஸ்டன்டில் இவை கையால் வரைந்தவை, எனவே கோட்டின் ஓரம் சற்றே நடுங்கினால் குற்றமில்லை. கை தவறினால் மினரல் டர்பன்டைன் (வைட் ஸ்பிரிட்) தொட்ட பஞ்சு போதும், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். கவசத்தின் மேல்தோலைக் கரைத்துவிடும்.

60டிகிரி:
ரெடிமேட் செட்டை மறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் மெலிசு, அளவு ஒன்றே ஒன்று, வளைவுகள் சப்பை. அதைத் திருத்தித் திருத்திக் கடைசியில் கிட் விலையையே தொட்டுவிடும்.

பி.எல்.ஏ. பற்றி: 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகும். வெயிலில் நின்ற காரின் டிக்கியில் மார்புத்தட்டை வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்து வரும். ஏ.பி.எஸ். 100ஐத் தாண்டும் வரை நிற்கும். அடுக்குக் கோடு ஒன்றுகூடத் தெரியாமல் புட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்தால் பிரிண்ட் செய்ததையும் ஏற்பார்கள். ஆனால் வேக்யூம் ஃபார்மில் (சூடாக்கிய ஷீட்டை அச்சின் மேல் காற்றை உறிஞ்சிப் படியவைப்பது) வார்த்த ஷீட் 2 மி.மீ. பக்கம்தான், அந்த மெலிந்த ஓரம் பிரிண்டில் வராது. தடித்து, கனத்துப் போகும். பிரிண்டரை பிளாஸ்டர் துப்பாக்கிக்கும், பின்பக்க பெல்ட்டில் மாட்டும் தெர்மல் டெட்டனேட்டர் உருளையின் மூடிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.பி.எஸ்.க்கும் ஒரு வியாதி உண்டு: வெயில் பட்டால் மஞ்சளாகும். மேலே அக்ரிலிக் படலம் சேர்த்த ஷீட் தாங்கும், கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் மூடிய பெட்டிக்குள் வையுங்கள், ஜன்னலோரத்தில் அலங்காரமாக நிறுத்தாதீர்கள்.

வெள்ளைவாளி:
சரி, ஏ.பி.எஸ். கிட், ஸ்டன்ட். 185 செ.மீ.க்கு தொடையும் இடுப்பும் எட்டுமா? ஒட்ட சூப்பர்குளூ போதாதா, ஈ6000 பசை காய மூன்று நாள் என்கிறார்களே?

மூட்டுப்பட்டை:
அந்த மூன்று நாள்தான் உங்களைக் காப்பாற்றும் ப்ரோ. சூப்பர்குளூ காய்ந்தால் கண்ணாடி மாதிரி. கால் மடங்கும்போது பட்டென்று விடும், தப்பாக ஒட்டினால் ஏ.பி.எஸ்.ஸோடு பிய்த்துக்கொண்டு வரும். ஈ6000 ரப்பர் போல வளைந்து கொடுக்கும், தேவைப்பட்டால் உரித்து மறுபடி ஒட்டலாம். 24 மணி நேரம் கிளாம்ப்பும் நியோடைமியம் காந்தமும் போட்டு வையுங்கள், முழு பலத்துக்கு 72 மணி நேரம். நெடி கெட்டது, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

1977 கவசத்தில் பாதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. முட்டுக்கு முட்டு வைத்து, மேலே மூட்டுப்பட்டை ஒட்ட வேண்டும். கைகளுக்கு 15 மி.மீ., கால்களின் முன்பக்கம் 20, பின்பக்கம் 25. அதாவது கையில் மேடு முடியும் இடத்திலிருந்து ஒவ்வொரு பாதியிலும் 7.5 மி.மீ. விட்டு வெட்டுங்கள், கால் முன்பக்கத்தில் 10. முன்பக்க அளவில் கை வைக்கக் கூடாது, உடம்புக்கு ஏற்ற கூட்டல் கழித்தல் எல்லாம் பின்பக்கத்தில். உள்ளேயும் ஒரு பட்டை ஒட்டினால்தான் முட்டு நிற்கும்.

வெட்டுவதற்குக் கத்தியால் நாலைந்து முறை கீறி மடக்கினால் ஒடிந்து வரும். வளைவுகளுக்கு ரிமோட் பொம்மைக் காரின் பாடி வெட்டும் வளைந்த கத்தரி. உள்ளே போடும் கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு, மாஸ்கிங் டேப்பில் சுற்றி அளவு பாருங்கள். வெறும் காலில் அளந்தால் இறுகிவிடும்.

உங்கள் உயரத்துக்கு இடைவெளி வருவது மார்புத்தட்டுக்கும் வயிற்றுத்தட்டுக்கும் நடுவில். தோள் எலாஸ்டிக்கை நீட்டி மார்பைக் கீழே இறக்குங்கள். வயிற்றுத்தட்டு அதற்குள் ஒளிய வேண்டும். தொடை பின்னால் பற்றாவிட்டால் அதே கிட்டின் வெட்டுத்துண்டை இடையில் வையுங்கள். வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு, அதனால் ஆர்டரின்போதே அதே ஷீட்டில் கூடுதல் துண்டு கேளுங்கள். சேர்த்த கோட்டை 25 மி.மீ. பட்டையே பாதி மறைக்கும். மீதிக்கு, பொடித்த ஏ.பி.எஸ். துண்டுகளை அசிட்டோனில் ஒரு நாள் ஊறவைத்து தோசை மாவுப் பதத்தில் பூசுங்கள். காயும்போது சுருங்கும், ஒரே பூச்சில் நிரப்பினால் மறுநாள் பள்ளம் விழும். மூன்று மெல்லிய பூச்சு, பிறகு 400, 1000 எண் உப்புத்தாள், கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ்.

முன்கை, புஜம் விரிந்து நின்றால் கொதிக்கக் காய்ந்த தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, கையுறையோடு அழுத்திப் பிடித்து, பச்சைத்தண்ணீரில் நனையுங்கள். ஹீட் கன் வேண்டாம். ஒரு வினாடி முன்பு ஒன்றும் ஆகாது, அடுத்த வினாடி வடிவமே இழுத்துக்கொண்டு போகும்.

உள் பட்டைகளுக்கு நைலான் துண்டில் அழுத்து பட்டன் பொருத்தி ஒட்டுங்கள். துளையைச் சூடான சால்டரிங் அயர்னால் குத்துங்கள். கத்தியால் குத்தினால் நூல் பிரிந்து பட்டன் கையோடு வரும்.

பழைய_அச்சு:
மேலே சொன்னதோடு இவை, பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். வயிறும் இடுப்பும் சேரும் இடது ஓரத்தில் மூன்று ஸ்ப்ளிட் ரிவெட் (கால் இரண்டாகப் பிரித்து மடக்கும் ஆணி). ஸ்னைப்பர் முட்டித்தட்டு (முட்டிக்கு மேல் துருத்தும் தட்டு) இடது காலில் மட்டும். மணிக்கட்டுப் பக்கம் உள்மடிப்பு ஓரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் கையையும் கடிக்கும். கணுக்கால் அளவு வெள்ளை செல்சி பூட் (பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்தது). தலைக்கவசத்தின் கீழே இரண்டு பக்கமும் துருத்தும் உருளைகள் நிஜத்தில் ஹோவி மிக்ஸ் பி.ஏ.2 மைக்கின் முனைகள், நகல் போதும்.

பிளாஸ்டர் ஸ்டெர்லிங் சப்மெஷின் கன்னை வைத்துச் செய்தது: குழலின் துளை வரிசைகளின் மேல் ஆங்கில டி வடிவக் கறுப்புப் பட்டை, பக்கவாட்டில் ஹெங்ஸ்ட்லர் கவுன்ட்டர் (எண்ணும் கருவி), மேலே எம்38 டெலஸ்கோப். மேகசின் இடது பக்கம் வர வேண்டும். உங்கள் ஊரில் போலித் துப்பாக்கிச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேரிசனில் கேட்டுவிட்டு, அதன் பிறகு பிரிண்டரை ஓடவிடுங்கள்.