மறு: கிராஸ் கப்ளிங் – 'அயலிணைப்பு' சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

வேதியியலாளர் எய்-இச்சி நெகிஷியின் ஆய்வு வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை எழுதும் நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல்: இரண்டு வெவ்வேறு கரிமத் துண்டுகளை உலோக வினையூக்கியால் சேர்க்கும் கிராஸ் கப்ளிங் வினைக்குத் தமிழில் என்ன? இழை நீண்டு, இப்போது கையில் நிறையச் சொற்கள் இருக்கின்றன. எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

> கிராஸ் என்றால் குறுக்கு. 'குறுக்கிணைப்பு' என்று வைத்துவிடலாமே?

வைக்கலாம்தான். ஆனால் பலபடி வேதியியலில் 'குறுக்குப் பிணைப்பு' ஏற்கெனவே குடியிருக்கிறது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே விழும் பாலம் அது. இணைப்பு, பிணைப்பு என்று ஓரெழுத்து வித்தியாசத்தில் இரண்டு கலைச்சொற்களை விட்டுவைத்தால் மாணவர் நிச்சயம் மாற்றி எழுதுவார். அதைவிட முக்கியம், இந்த வினையில் எதுவும் எதற்கும் குறுக்கே போவதில்லை. சேரும் இரண்டு துண்டுகளும் வெவ்வேறு என்பதை மட்டும்தான் இங்கே கிராஸ் குறிக்கிறது.

> அப்படியானால் 'கலப்பிணைப்பு'?

இதற்கு என் எதிர்ப்பு இன்னும் வலுவானது. 1901இல் ஃபிரிட்ஸ் உல்மான் செம்புத்தூளை வைத்து அரோமேட்டிக் ஹாலைடுகளை (பென்சீன் போன்ற வளையத்தில் அயோடின் போன்ற அணு ஒட்டிய சேர்மங்களை) சூடாக்கி இரண்டிரண்டாகச் சேர்த்தார். ஒரே ஹாலைடு என்றால் ஒரே விளைபொருள், தொல்லை இல்லை. இரண்டு ஹாலைடுகளைப் போட்டால் முதலாவது தன்னோடு சேர்ந்தது, இரண்டாவது தன்னோடு சேர்ந்தது, இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தது என மூன்றும் கிடைக்கும். அதுதான் உண்மையான கலப்பு! ஃபீனைல் துண்டையும் (பென்சீன் வளையம்) டோலைல் துண்டையும் (அதே வளையத்தில் ஒரு மெத்தில் கூடியது) சேர்க்கப் போய் இப்படி மூன்றும் வந்துவிட்டால், கலவையைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு வண்ணப்பிரிகைத் தகட்டில் புள்ளிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டே ஏறும். பிரித்தெடுப்பவர் பாடு திண்டாட்டம்தான். நெகிஷியும், அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்த சுசுகியும் கொண்டுவந்த முறைகளின் பெருமையே இந்தக் கலப்பைத் தவிர்த்ததில் இருக்கிறது. எதை ஒழித்தார்களோ அதையே பெயராகச் சூட்டுவது நியாயமில்லை.

சரி, 'வேறு ஒன்றோடு சேர்தல்' என்பதற்குத் தமிழில் முன்மாதிரி இருக்கிறதா? தாவரவியலில் இருக்கிறது. தன் மகரந்தச் சேர்க்கை, அயல் மகரந்தச் சேர்க்கை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அங்கே ஆங்கிலத்தில் நிற்பதும் இதே கிராஸ்தான். அந்தப் பாடநூலை எழுதியவர் குறுக்கை நாடாமல் 'அயல்' என்றார், எவ்வளவு தெளிவு! அதே வழியில் கிராஸ் கப்ளிங் அயலிணைப்பு. உல்மான் செய்தது போல ஒரே துண்டு தன்னோடு தானே சேர்வது தன்னிணைப்பு. ஒரு கேள்விக்கு இரண்டு சொல் கிடைக்கிறது, ஒன்று மற்றதை விளக்கவும் செய்கிறது.

> அயலிணைப்பு என்றால் வெளிநாட்டுத் தொலைபேசி இணைப்பு போல இருக்கிறதே.

சொல்லுக்கு முன்னால் நெகிஷி, சுசுகி என்ற பெயர் நின்றால் யாருக்கும் அப்படித் தோன்றாது.

இனி உள்ளே நடக்கும் படிகள். கட்டுரையில் வழிமுறையைத் தொடாமல் தப்ப முடியாது என்பதால் இதையும் இப்போதே பேசிவிடலாம். அயோடோபென்சீனையும் டோலைல் துத்தநாகக் குளோரைடையும் எடுத்துக்கொள்வோம். சுழி ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கும் வினையூக்கியான பல்லேடியம், கார்பன்-அயோடின் பிணைப்புக்குள் நுழைந்து இரண்டு பக்கத்தையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அதன் நிலை +2 ஆகிறது. பிறகு துத்தநாகத்திடம் இருந்த டோலைல் தொகுதி பல்லேடியத்துக்கு வருகிறது. கடைசியில் ஃபீனைலும் டோலைலும் தமக்குள் பிணைந்து 4-மெத்தில்பைஃபீனைலாக வெளியேற, பல்லேடியம் பழையபடி சுழிக்கு இறங்கி அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது.

முதல் படிக்கு (ஆக்சிடேட்டிவ் அடிஷன்) 'ஆக்சிஜனேற்றச் சேர்க்கை', கடைசிப் படிக்கு (ரிடக்டிவ் எலிமினேஷன்) 'ஒடுக்க நீக்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நேர் மொழிபெயர்ப்பாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த வினைக்குடுவைக்குள் ஆக்சிஜன் புகுந்துவிடக் கூடாது என்று நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பிக் காவல் காக்கிறோம். அங்கே போய் ஆக்சிஜனேற்றம் என்றால் புதிதாகப் படிப்பவர் விழிப்பார். ஆக்சிஜனேற்றம் என்ற சொல்லின் பொருள் எலக்ட்ரான் இழப்பு என்று விரிந்துவிட்டது என்பார்கள், உண்மைதான். அதனால் முதல் சொல்லைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

இரண்டாவதைப் பொறுக்க முடியாது. தமிழில் 'நீக்கம்' என்பதற்கு முன்னால் நிற்பதுதான் நீக்கப்படுவது. தடை நீக்கம் என்றால் தடை போகிறது, உப்பு நீக்கம் என்றால் உப்பு போகிறது. ஒடுக்க நீக்கம் என்றால் ஒடுக்கம் போகிறது என்றுதானே படிப்போம்? நடப்பதோ நேர்மாறு: பல்லேடியம் ஒடுங்க (எலக்ட்ரான் பெற), விளைபொருள் நீங்குகிறது. போதாக்குறைக்கு, வேதியியல் தெரியாதவர் இதைச் சமூக நீதித் திட்டம் என்றே நினைப்பார்.

இலங்கை நண்பர் சொன்னதையும் கவனியுங்கள். அவர்கள் பாடநூல்களில் ஒட்சியேற்றம், தாழ்த்தல். இங்கே ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம். எதை வைத்துச் சொல் கட்டினாலும் அக்கரையில் ஒருமுறை மாற்றிக் கட்ட வேண்டும்.

இந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து என் யோசனை வினைத்தொகை. ஏறுவரிசை, இறங்குவரிசை என்று கணக்கில் சொல்கிறோமே, அதே அமைப்பு. உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண் ஏறும் சேர்க்கை ஏறுசேர்க்கை. அந்த எண் இறங்கும் நீக்கம் இறங்குநீக்கம். யார் எதை நீக்குகிறார் என்ற குழப்பம் இங்கே எழாது. பல்லேடியம் இரண்டு படி ஏறி இரண்டு படி இறங்குவதும் பெயரிலேயே தெரிகிறது. 'ஏற்றச் சேர்க்கை, இறக்க நீக்கம்' என்று பெயர்ச்சொல்லாகக் கட்டிப் பார்த்தேன். இறக்க என்றதும் சாவு ஞாபகம் வருகிறது, வேண்டாம்.

நடுப்படி டிரான்ஸ்மெட்டலேஷன். 'உலோக மாற்றம்' என்றால் இரும்பைப் பொன்னாக்கும் ரசவாதம் ஆகிவிடும். இங்கே உலோகம் எதுவும் மாறவில்லை, உலோகத்திடம் இருந்த கரிமத் தொகுதிதான் கைமாறுகிறது, சொத்து கைமாறுவது போல. எனவே உலோகக் கைமாற்றம். இந்தப் பெயர் இன்னொரு வகையிலும் உதவும். துத்தநாகம் தன் தொகுதியை எளிதில் கொடுத்துவிடும். போரான் சும்மா கொடுக்காது, காரம் சேர்த்தால்தான் கொடுக்கும். 1979இல் சுசுகியும் மியாவுராவும் செய்ததன் சாரம் அதுதான். 'போரானிலிருந்து கைமாற்றம் நிகழக் காரம் தேவை' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் தானாக ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கை. 2010 நோபல் பரிசு ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் பல்லேடிய அயலிணைப்புக்காக என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஹெக் வினையில் கைமாற்றம் என்ற படியே கிடையாது. ஏறுசேர்க்கைக்குப் பிறகு ஆல்கீன் (கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) உள்ளே செருகிக்கொள்கிறது, அப்புறம் ஹைட்ரைடு விலகுகிறது. மூவருக்கும் ஒரே படம் போட்டு விளக்கிவிடாதீர்கள். அந்த வினையை ஹெக்குக்குச் சற்று முன்பே, 1971இல், மிசோரோகி வெளியிட்டிருந்தார். அவர் பெயரையும் சேர்த்து மிசோரோகி-ஹெக் வினை என்பதே முறை.

சொற்களை ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதால் கட்டுரைக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"1935இல் இன்றைய சீனாவின் சாங்சுனில் பிறந்த நெகிஷி, 1963இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1966இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் எச். சி. பிரவுனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சுசுகியும் முன்னதாக அங்கே பணியாற்றியவர். 1972இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற நெகிஷி, உலோகக் கைமாற்றத்துக்கு எந்த உலோகம் தோது என்று தேடினார். 1976இல் அலுமினியம், 1977இல் துத்தநாகம். 1972இல் குமாடாவும் கோரியுவும் தனித்தனியே கண்ட நிக்கல் அயலிணைப்பில் மக்னீசியச் சேர்மங்கள் பயன்பட்டன. அவை எஸ்டர் போன்ற தொகுதிகளையும் தாக்கிவிடும். துத்தநாகச் சேர்மங்கள் அவற்றை விட்டுவைக்கும். எனவே சிக்கலான மூலக்கூறுகளிலும் நெகிஷி அயலிணைப்பைச் செய்ய முடிந்தது. 1979இல் அவர் பர்டூவுக்கே திரும்பினார்."

எனக்கு இடறவில்லை. உங்களுக்கு எங்காவது இடறினால் சொல்லுங்கள்.

இரண்டு சில்லறை விஷயங்கள். டர்ன்ஓவர் நம்பருக்குச் 'சுற்றெண்' போதும். ஒரு வினையூக்கி அணு செயலிழக்கும்வரை எத்தனை சுற்று வருகிறது என்பதுதானே. லிகண்டுக்கு (உலோக அணுவோடு ஒட்டி நிற்கும் மூலக்கூறு அல்லது அயனி) பாடநூலில் உள்ள 'ஈனி' இருக்கட்டும், அதைப் போய்க் கிளற வேண்டாம்.

அப்புறம், ஏறுசேர்க்கை வினைத்தொகை, நடுவில் 'ச்' வராது. கட்டுரையைத் திருத்துபவர் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெகிஷியின் சிர்கோனியம் வேலைக்குத் தேவையான கார்போஅலுமினேஷன் இன்னும் பாக்கி. 'கார்போஅலுமினேற்றம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கார்பன், அலுமினியம் இரண்டும் சேர்வதை 'ஏற்றம்' ஒன்றே சொல்லிவிடுமா என்று எனக்குச் சந்தேகம். அதைத் தனி இழையில் தொடங்குங்கள், வருகிறேன்.