ஹிப்-ஹாப் பற்றிப் பேச வேண்டும், உதாரணம் கொடுத்து உதவுங்கள்

நண்பர்களே, வெகுஜன இசையும் சமூகமும் என்ற தலைப்பில் மாணவர்களிடம் ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். தொடக்கம் தயார்: 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் இசை போட்ட விருந்து. ஹிப்-ஹாப் பிறந்தது அங்கேதான் என்பார்கள். அவருடைய உத்தி எளிது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு நீட்டிக்கொண்டே போவார். ஆடுகிறவர்கள் காத்திருந்ததே அந்த நொடிகளுக்குத்தான். ஹெர்க் பிறந்தது ஜமைக்காவின் கிங்ஸ்டனில். பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கித் தெருவையே ஆடவைக்கும் வழக்கம் அங்கே முன்பே உண்டு. ஆக, ஜமைக்காவின் ரெகே இசையும், ஹிப்-ஹாப்பில் தாளத்தோடு பேசிப் பாடும் ராப்பும் பங்காளிகள்!

சிக்கல் அதற்கு அப்புறம்தான். ராப் வறுமையையும் நிறவெறியையும் பாடியது, சரி. அது சமூகத்தைக் காட்டியதா, மாற்றியதா? மாற்றியது என்று சொல்ல எனக்கு உறுதியான உதாரணம் வேண்டும். 'இளைஞர்களைக் கவர்ந்தது' என்ற மாதிரி வரிகள் என்னிடமே மூட்டை மூட்டையாக இருக்கின்றன. உடை, பேச்சு, சட்டம், தேர்தல் எதுவானாலும் பரவாயில்லை. பங்க், டிஸ்கோ போன்ற வேறு இசை வகைகளின் பக்கமிருந்து வந்தாலும் சரி. பெண் ராப்பர்கள் பற்றி யாராவது எழுதியிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள், என் குறிப்பில் அந்தப் பக்கம் காலியாகவே கிடக்கிறது.