ஐப்பசியில் நெடுந்தீவு: என்ன வாங்கி வைப்பது?

இடமாற்றம் கிடைத்துக் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துத் தீவான நெடுந்தீவுக்குப் போகிறோம். மகளுக்கு மூன்று வயது. மழைக்காலத்தில் படகு ஓடாவிட்டால் எப்படிச் சமாளிப்பது?

பதில் 1:
நான் அங்கே பிறந்தவள், தங்கச்சி. குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து படகில் ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் வாடைக்காற்று எழும்பினால் கதையே வேறு. அம்மா மழைக்கு முன்பே மா வறுத்து, கருவாடும், பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டும் பெட்டியில் அடுக்கிவிடுவா. முதல் மழைக்கு ஐயா வேலியில் சரிந்த பவளக்கல்லைத் தூக்கி அடுக்குவார். விட்டால் அயல்வீட்டு மாடு வளவுக்குள் நிற்கும்! பால்மா, காய்ச்சல் மருந்து இரட்டிப்பாக வாங்குங்கோ.

பதில் 2:
டோர்ச்சும் பற்றரியும். மற்றதெல்லாம் அயலில் கடன் கேட்கலாம்.

கேட்டவர்:
நன்றி அக்கா. பனாட்டு மகள் தின்பாளா?

பதில் 1:
முதலில் முகத்தைச் சுளிப்பாள். அப்புறம் ஒளித்து வைக்க வேண்டி வரும்.