தண்ணி மிசினைக் காணேல்ல ('அம்மம்மா வீடு' குழு)

பெரியப்பா: எல்லாருக்கும் அறியத்தாறன். தோட்டக் கிணத்தடியில நிண்ட தண்ணி மிசினைக் காணேல்ல. ஓசும் இல்லை.

சுகந்திச் சித்தி: ஐயோ அத்தான், புதுசெல்லோ!

பெரியப்பா: போன சிறுபோகத்துக்கு வாங்கினது.

ரவி மாமா: ஆரெண்டு தெரியும்தானே. மலையகத்தில இருந்து வந்த அந்த ஹற்றன் பொடியன். வந்து மூண்டு மாதம். அதுக்கு முன்னம் இங்க களவு இருந்ததே?

அம்மா: இருந்தது. உன்ர சைக்கிள்.

கனடா மாமா: கெதியாப் பொலிசுக்குப் போங்கோ

பெரியப்பா: முதல் நாலு பேராப் போய் அவனைக் கேப்பம். நாளைக்குக் காலமை 6 மணி, வைரவர் கோயிலடி.

சுகந்திச் சித்தி: ராசாத்தியக்கா கண்டவவாம். இரவு 2 மணிக்கு நாய் குலைக்க எழும்பிப் பாத்தா அவன்தானாம்.

தர்சன்: சித்தி, காலமை பால் கொண்டு வரேக்க "ஆரோ ஒருத்தன், முகம் தெரியேல்ல" எண்டு என்னட்டச் சொன்னவ. பின்னேரத்துக்கிடையில முகம் எங்கால வந்தது?

ரவி மாமா: தொடங்கீட்டார் வக்கீல்

தர்சன்: பெரியப்பா, கோவிக்காம வாசியுங்கோ. எரல் மொரிஸ் 1988இல எடுத்த 'த தின் ப்ளூ லைன்' எண்டு ஒரு ஆவணப்படம். அமெரிக்காவில, டெக்சாஸின்ர டலஸில 1976இல ஒரு பொலிஸ்காரரை இரவில சுட்டவங்கள். அடம்ஸ் எண்டவர் ஒகாயோக்காரர், டலஸுக்கு வந்து கனகாலமில்லை. பெற்றோல் முடிஞ்சு நிக்கேக்க 16 வயசுப் பொடியன் ஒருத்தன் காரில ஏத்தினவன். கார் அவன் களவெடுத்தது, துவக்கு அவன்ர தகப்பன்ர. ஊருக்குப் போய் "நான்தான் சுட்டன்" எண்டு கூட்டாளியளிட்டப் புழுகியும் இருக்கிறான். பிடிபட்டதும் அடம்ஸைக் கை காட்டினான். மரணதண்டனை அடம்ஸுக்கு!

ரவி மாமா: சுருக்கு தம்பி. டேட்டா முடியுது.

தர்சன்: அந்த வயசுக்கு டெக்சாஸில மரணதண்டனை குடுக்கேலாது மாமா. 28 வயசு வந்தான் வரத்தானுக்குக் குடுக்கலாம். இருட்டில காரில போன ஒரு பொம்பிளை கோட்டில "இவர்தான்" எண்டவ. அடையாள அணிவகுப்பில அவ காட்டினது வேற ஆளை. ராசாத்தியக்காவைத்தான் நினைச்சன். தண்டனைக்கு 3 நாள் இருக்கேக்க நிப்பாட்டி, 89இல வெளியில விடேக்க 12 வருசம் போட்டுது.

தர்சன்: வெளியில வந்து தன்ர கதையின்ர உரிமைக்காகப் படம் எடுத்தவரோடயே வழக்குப் போட்டவர்.

ரவி மாமா: அப்ப எங்கட குடும்பந்தான்

பெரியப்பா: என்ர மிசினுக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்?

கனடா மாமா: தம்பி சொல்லுறது சரி. நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில ஓடப்போன பொம்பிளையைக் கெடுத்த கேஸும் அப்பிடித்தான். 1989. கறுப்பினப் பொடியள், லத்தீன் பொடியன் எண்டு 5 பேர், பொலிஸில ஒத்துக்கொண்டதெண்டு மறியலில போட்டவங்கள். 2002இல உண்மையாச் செய்தவன் தானே ஒத்துக்கொண்டான், டிஎன்ஏயும் அவன்ர. 2014இல 41 மில்லியன் டொலர் குடுத்தவை.

சுகந்திச் சித்தி: 41 மில்லியனா!! எங்கட காசில?

அம்மா: தம்பி, நியூயோர்க் கணக்கு இருக்கட்டும். அம்மாவின்ர திவசத்துக்கு அனுப்புறன் எண்டது?

கனடா மாமா: வெள்ளி சம்பளம் அக்கா

சுகந்திச் சித்தி: அதுசரி, செய்யாட்டி அந்தப் பொடியள் ஏன் முதல் ஒத்துக்கொண்டவங்கள்?

சீலன் மாமா: நித்திரை கொள்ள விட்டாப் போதும் எண்டு வரும்.

சீலன் மாமா: நான் ஒப்பம் வச்ச தாள் முழுக்கச் சிங்களம். என்ன எழுதியிருக்கெண்டு கோட்டில வாசிக்கேக்கதான் தெரிஞ்சது.

சுகந்திச் சித்தி: அண்ணா...

ரவி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: அழிச்சாப் போல? வாசிச்சிட்டன். வடக்கத்தியானை நம்பேலாதோ? 77இல பதுளையில அடிச்சுக் கலைக்க, லொறியில தருமபுரத்துக்கு வந்து இறங்கேக்க நீ அம்மாவின்ர மடியில. இந்தச் சொல்லை மலையகத்தில இருந்து வந்த எங்களைப் பாத்துத்தான் சொன்னவங்கள். ஆற்றையும் கோழி காணாமப் போனா முதல் எங்கட கொட்டிலுக்குத்தான் வருவாங்கள். அடுப்பில கிடந்த பானையைத் திறந்து அகப்பையால கிண்டிப் பாத்தவங்கள். உள்ள மரவள்ளி.

பெரியப்பா: அது அந்தக் காலம்.

அம்மா: உங்கட அம்மா கலியாணத்துக்கு வராம விட்டதும் அந்தக் காலம்தான் அத்தான்.

பெரியம்மா: இப்ப ஏன் அதெல்லாம். விடடி.

பெரியப்பா: அப்ப என்னைச் சும்மா இருக்கச் சொல்லுறியளோ?

தர்சன்: இல்லைப் பெரியப்பா. ஆற்றை பேரும் சொல்லாம முறைப்பாடு குடுப்பம். மிசின்ர இலக்கம் பில்லில இருக்கும்.

பெரியப்பா: பில் அலுமாரிக்க.

பெரியம்மா: அலுமாரித் திறப்பு உங்களிட்டத்தானே?

பெரியப்பா: என்னட்ட இல்லை.

சுகந்திச் சித்தி: அதையும் ஹற்றன் பொடியனோ?

பெரியம்மா: 😂

ரவி மாமா: அப்ப 6 மணி இருக்கோ இல்லையோ?

சீலன் மாமா: இருந்தா நானும் வாறன்.

ரவி மாமா: நீங்கள் எதுக்கு அண்ணை?

சீலன் மாமா: சும்மா பக்கத்தில நிக்க.

பெரியப்பா: பாப்பம். விடியட்டும்.

அம்மா: கத்தரி ரெண்டு நாளாத் தண்ணி காணேல்ல எண்டு அக்கா சொன்னவ. திவசக் கறிக்கு அதைத்தானே நம்பி இருக்கிறம்?

ரவி மாமா: என்ர மிசினைக் கொண்டு வாறன்.

பெரியப்பா: ஓசும் கொண்டு வா.