1927 படங்கள் திரையிடல்: எந்தப் பதிப்பு, எந்த வேகம்?

வெள்ளித்திரைவாசி கேட்டது:

வணக்கம். திரைப்படச் சங்கத்தில் ஆறு வாரத்துக்கு முழுக்க 1927-ல் வந்த படங்களாகவே போட இருக்கிறோம். பட்டியல்: மெட்ரோபோலிஸ், சன்ரைஸ், விங்ஸ், நெப்போலியன், தி ஜாஸ் சிங்கர், வால்டர் ருட்மனின் பெர்லின். கையில் இருப்பது லேப்டாப், 16:9 புரொஜக்டர் ஒன்று, பத்தடி அகலத் திரை, இரண்டு ஸ்பீக்கர்.

மெட்ரோபோலிஸ் 83 நிமிடம், 118, 124, 150 என்று இடத்துக்கு இடம் மாறுகிறது. எதை நம்புவது? சன்ரைஸ் 79 நிமிடமா, 95-ஆ? சில பிரதிகளில் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுகிறார்களே, அந்தக் காலப் படம் என்றால் அப்படித்தானா? ஜாஸ் சிங்கரை "உலகின் முதல் பேசும்படம்" என்று நோட்டீஸில் போடலாமா? முதல் ஆஸ்கரில் சிறந்த படம் விங்ஸா, சன்ரைஸா?

ரீல்பெட்டி:

முதலில் அந்தக் குடுகுடு ஓட்டம். அது பிரதி எடுத்தவர் கைவரிசை. விநாடிக்கு 24 ஃபிரேம் என்ற கட்டாயம் ஒலியோடு வந்தது. வேகம் மாறினால் குரலின் சுருதியும் மாறிவிடும் அல்லவா? மௌனப்படத்துக்கு அந்தக் கவலை கிடையாது. 18, 20, 22 என்று படத்துக்குப் படம் மாறும், ஒரே படத்துக்குள்ளேயும் மாறும். 20-ல் ஓட வேண்டியதை 24-ல் ஓட்டினால் குடுகுடுதான்.

நீங்களே கணக்குப் போடலாம். 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம், மீட்டருக்குச் சுமார் 52.5. 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் வெளியான மெட்ரோபோலிஸின் நீளம் 4,189 மீட்டர், அதாவது ஏறக்குறைய 2,19,900 ஃபிரேம். 24-ல் ஓட்டினால் 153 நிமிடம், 20-ல் ஓட்டினால் 183. நிமிடத்தை மட்டும் பார்த்து "இது முழுப்படம்" என்று சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

இனி உங்கள் நாலு எண்கள். 83 என்பது 1984-ல் இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் பாப் பாட்டும் வண்ணமும் சேர்த்து வெளியிட்டது. 124 என்பது 2001 மீட்டெடுப்பு. 118-ம் அதேதான்: ஐரோப்பிய டிவிடி விநாடிக்கு 25 ஃபிரேமில் ஓடும், நூற்றுக்கு நாலு நிமிடம் சுருங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது 150-ஐ ஒட்டி வரும் 2010 பதிப்பு. 2008-ல் புவனோஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் கிடைத்த 16 மி.மீ. நெகட்டிவிலிருந்து சுமார் 25 நிமிடக் காட்சிகள் இதில் சேர்ந்தன. பழைய பிரிண்டைச் சுத்தம் செய்யாமல் நகலெடுத்திருக்கிறார்கள். கீறல்களும் பிம்பத்தோடு பதிந்துவிட்டன. அந்த இடங்களில் மழை பெய்வது போலக் கோடுகள் விழும், ஃபிரேம் ஓரத்தில் கறுப்பு தெரியும். கூட்டம் "டிஸ்க் போச்சு" என்று முணுமுணுக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கோடு விழுந்தாலும் அதைத்தான் போட வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் போதும்: ஹெல். விஞ்ஞானி ரோட்வாங் காதலித்த பெண், நகரத் தலைவனை மணந்து பிரசவத்தில் இறந்தவள். இயந்திர மனுஷியை ரோட்வாங் செய்ததே அவளுக்காக. அமெரிக்காவுக்காக வெட்டியபோது அந்தப் பெயர் ஆங்கிலத்தில் நரகம் என்று ஒலிக்கிறதென்று ஆளையே தூக்கிவிட்டார்கள். அவள் இல்லாத பிரதியில் ரோட்வாங் வெறும் பைத்தியக்காரன்.

வேகம் தவறிய ஃபைல் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் வி.எல்.சி.யில் கீழ்ப்பட்டையில் 1.00x என்று தெரியும் இடத்தைச் சொடுக்குங்கள், ஸ்லைடர் வரும். 20-க்கான படம் 24-ல் பதிவாகியிருந்தால் 0.83, 18-க்கானது என்றால் 0.75. இசைத்தடத்தை நிறுத்திவிட்டு வேறு இசை போடுங்கள், இழுபட்ட இசை காதில் விழக்கூடாது. சரிபார்க்க சாதாரண நடையையும் கீழே விழும் பொருளையும் பாருங்கள். நகைச்சுவைப் படத்தில் இந்தச் சோதனை செல்லாது, அங்கே வேண்டுமென்றே கேமராவை மெதுவாகச் சுற்றியிருப்பார்கள். மெட்ரோபோலிஸில் தொழிலாளர்கள் ஊர்ந்து போவதும் வேண்டுமென்றே செய்ததுதான், அதைத் திருத்தப் போகாதீர்கள்.

கார்பன்ஆர்க்:

ரீல்பெட்டி சொன்ன ஸ்லைடர் வேலையை ஜாஸ் சிங்கரிலும் சன்ரைஸின் ஒலிப் பதிப்பிலும் காட்டிடாதீங்க. ரெண்டும் 24-ல் பூட்டினது, ஆனா பூட்டு வேற வேற.

ஜாஸ் சிங்கர் வைட்டஃபோன். ஒலி ஃபிலிமில் இல்லை, தனி இசைத்தட்டில். 16 அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, 11 நிமிஷம் ஓடும். புரொஜக்டரும் தட்டும் ஒரே மோட்டாரில் இணைஞ்சிருக்கும். ஃபிலிமில் தொடக்க ஃபிரேமைப் புரொஜக்டரில் ஒளி பாயும் கதவில் நிறுத்தி, ஊசியைத் தட்டில் அம்புக்குறி போட்ட இடத்தில் வைக்கணும். ஊசி உள்ளேயிருந்து வெளியே ஓடும், வீட்டுத் தட்டுக்கு நேர் எதிர். உள்வட்டத்தில் பள்ளம் ஊசிக்கடியில் மெதுவா நகரும், நுணுக்கமான ஒலியை எடுக்கக் கூரான ஊசி வேணும். வெளியே வரும்போது ஊசி மழுங்கியிருந்தாலும் சமாளிக்கும். ஒவ்வொரு ரீலுக்கும் புது ஊசி. தட்டு சுமார் இருபது தடவைதான் தாங்கும், எத்தனை தடவை ஓடிச்சுன்னு குறிக்க லேபிளிலேயே கட்டம் போட்டிருப்பாங்க.

எங்கே கெடும்? ஃபிலிம் அறுந்தா. பத்து ஃபிரேம் போச்சுன்னு வெட்டி ஒட்டினா, அந்த ரீல் முடியுற வரைக்கும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். போன பத்துக்குப் பதிலா எண்ணிப் பத்து கறுப்பு ஃபிரேம் ஒட்டணும். ஆபரேட்டர் பாடு திண்டாட்டம்தான்.

"முதல் பேசும்படம்"னு போட்டா யாராவது மேடையிலேயே மடக்குவாங்க. 1926 ஆகஸ்டில் வந்த டான் ஜுவானிலேயே வைட்டஃபோன் இசை உண்டு, வசனம் இல்லை. ஜாஸ் சிங்கரில் (1927 அக்டோபர் 6, நியூயார்க்) உதட்டசைவோட சேர்ந்த பேச்சு ரெண்டு நிமிஷம் தேறும். மீதிக்கு வசனத்தை எழுதிக் காட்டும் டைட்டில் கார்டுதான். முழுக்கப் பேசின முதல் முழுநீளப் படம் 1928-ல் வந்த லைட்ஸ் ஆஃப் நியூயார்க். "பேச்சும் பாட்டும் கலந்து ஓடி வசூலை அள்ளிய முதல் முழுநீளப் படம்"னு போடுங்க, யாரும் மறுக்க முடியாது.

ஒரு இடத்தை மட்டும் காது கொடுத்துக் கேளுங்க. நாயகன் ஆல் ஜோல்சன் பியானோ முன்னாடி உட்கார்ந்து அம்மாகிட்ட சரளமா வாயாடிட்டே பாடுவார். அப்பா உள்ளே வந்து "நிறுத்து!"ன்னு ஒரே ஒரு சொல் சொல்வார். அதோட பேச்சு நின்னுபோய், பழையபடி கார்டும் வாத்திய இசையும். மௌனப்படம் திரும்ப வந்து கதவைச் சாத்துற மாதிரி இருக்கும். அப்புறம், ஜோல்சன் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவர் வேஷம் போடும் காட்சிகள் உண்டு. அதை அறிமுக உரையில் சொல்லாம விடாதீங்க.

சன்ரைஸ் மூவிடோன். ஒலி ஃபிலிமின் ஓரத்திலேயே ஒளிக்கோடா இருக்கும், அறுந்தாலும் படமும் ஒலியும் சேர்ந்தே போகும். ஆனா அந்தக் கோடு படத்தின் அகலத்தைத் தின்னுடும். அகலம் உயரத்தைப் போல 1.33 மடங்கு இருக்குறதுக்குப் பதிலா 1.20:1, கிட்டத்தட்ட சதுரம். டிவி, புரொஜக்டர் எதிலயும் "ஸ்ட்ரெட்ச்" போட்டிருந்தா எடுத்துடுங்க, இல்லாட்டி நாயகி ஜேனட் கேனர் முகம் பூசணிக்காய்தான். 95 நிமிஷம் இந்தப் பதிப்பு. 79 நிமிஷம் செக் நாட்டு ஆவணக் காப்பகத்தில் கிடைச்ச ஒலியில்லாத பிரிண்ட். மூல நெகட்டிவ் 1937 தீயில் போயிடுச்சு. செக் பிரதி கூர்மையா இருக்கும், ஆனா சங்கத்துக்கு 95-ஐப் போடுங்க, படத்தோட வெளியான ஹியூகோ ரீசன்ஃபெல்டின் இசை அதில்தான் இருக்கு.

வெள்ளித்திரைவாசி:

நன்றி நண்பர்களே. நெப்போலியன் பற்றி யாரும் சொல்லவில்லையே. கடைசியில் மூன்று திரை வருகிறதாமே, ஒரு புரொஜக்டரை வைத்து என்ன செய்வது?

லென்ஸ்துடைப்பான்:

நெப்போலியன் இயக்குநர் ஏபெல் கான்ஸ் அந்தக் கடைசிப் பகுதியை மூன்று கேமராக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எடுத்தார். மூன்று புரொஜக்டரில் பக்கம் பக்கமாக விழும். 1.33-ஐ மூன்றால் பெருக்கினால் 4:1. கேமராக்கள் ஒரே புள்ளியில் இல்லாததால் இணைப்புக் கோட்டில் லேசான முறிவு தெரியும், அது இயல்பு.

உங்கள் திரையில் பிரச்சினை இதுதான். பத்தடி அகலத்தில் சாதாரணக் காட்சி ஏழரை அடி அகலம், ஐந்தரை அடி உயரத்துக்கு நிற்கும். அந்த மூன்று திரைப் பகுதி (முப்படம்) தொடங்கியதும் மொத்தமும் பத்தடிக்கு இரண்டரை அடியாகச் சுருங்கும். நடுப்படம் மூன்றேகால் அடி சொச்சம். விரிய வேண்டிய இடத்தில் படம் ஒடுங்கிப்போகும். வழி: திரைக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் திரையை அந்த நேரத்தில் இறக்கிவிட்டு, லென்ஸ் ஜூமைத் திறந்து சுவரில் போடுங்கள். 1.5 மடங்கு ஜூம் இருந்தால் 15 அடிக்கு 3¾ அடி. பெரும்பாலான புரொஜக்டர்களில் 1.2-தான் இருக்கும், 12-க்கு 3 வரும். 1.5-க்கு விரித்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போகும், விளக்கை ஹை மோடுக்கு மாற்றுங்கள். ஜூம் வளையத்தில் இரண்டு நிலைக்கும் டேப் ஒட்டிக் குறியுங்கள், இருட்டில் தேடக்கூடாது. ஃபோகஸ் நிச்சயம் நகரும், அதற்கும் ஒரு டேப்.

பதிப்பு: கெவின் பிரவுன்லோ மீட்டெடுத்து கார்ல் டேவிஸ் இசையமைத்தது, 332 நிமிடம், பெரும்பகுதி 20 ஃபிரேம். 1981-ல் அமெரிக்காவில் கார்மைன் கொப்போலா இசையோடு வந்தது 24-க்கு விரட்டி, வெட்டவும் செய்தது, தவிருங்கள். ஏழு மணி நேர பிரெஞ்சு மீட்டெடுப்பு 2024-ல் வந்தது. 332-ஐ ஒரே மாலையில் போட்டால் முப்படம் வரும்போது வாட்ச்மேன்தான் பார்ப்பார். நாலு அங்கமாக இருக்கிறது, ஒரு ஞாயிறு முழுக்க ஒதுக்கி மூன்று இடைவேளை விடுங்கள்.

விங்ஸ் எளிது, 144 நிமிட மீட்டெடுப்பு. விமானத்தில் கேமராவைப் பொருத்தி நடிகரையே ஓட்டவிட்டு எடுத்தது. இயக்குநர் வெல்மன் மேகத்துக்காக நாள்கணக்கில் காத்திருந்தார். மொட்டை வானத்தில் விமானம் நகர்வதே தெரியாது, பின்னால் மேகம் இருந்தால்தான் வேகம் கண்ணுக்குப் படும். மேகமுள்ள காட்சியையும் இல்லாததையும் ஒப்பிட்டுப் பாருங்கள், புரியும்.

ஆஸ்கர் கேள்விக்கு: இரண்டும். அந்த ஒரு வருடம் மட்டும் இரண்டு பரிசு. "சிறப்பான படம்" விங்ஸுக்கு, "தனித்தன்மையும் கலைத்திறனும் கொண்ட படம்" சன்ரைஸுக்கு. இரண்டாவதை அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள்.

ரீல்பெட்டி:

விட்டுப்போனவை சில. 1927 படங்கள் அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. இந்தியாவில் படத்துக்கு வெளியான வருடத்திலிருந்து 60 ஆண்டுதான் உரிமை. ஆனால் மீட்டெடுத்தவர்கள் சேர்த்த புது இசைக்குத் தனி உரிமை உண்டு. கார்ல் டேவிஸ் இசையோடு பொதுவில் போட அனுமதிக் கடிதம் எழுதியே ஆக வேண்டும்.

நோட்டீஸில் சேர்க்க உள்ளூர் சரக்கு வேண்டுமா? அதே 1927 அக்டோபரில் இந்திய அரசு திரைப்பட விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார். 1928-ல் அறிக்கை வந்தது. கூடவே வந்த சாட்சியத் தொகுதிகளில் தியேட்டர்காரர்கள் சொன்னது கேள்வி பதிலாக அப்படியே இருக்கிறது. இரண்டு பக்கம் நகலெடுத்து வாசலில் ஒட்டலாம்.

ருட்மனின் பெர்லின் படம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அது பெர்லின் நகரில் வெளியான அதே செப்டம்பர் 23 அன்று சன்ரைஸ் நியூயார்க்கில் வெளியானது. இரண்டையும் ஒரே மாலையில் போட்டுவிட்டால் ஒரு வாரம் மிச்சம், அதை நெப்போலியன் ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.