பர்ன்லி பருத்தி மில்லும் கால்வாயும்: காப்பாத்தணுமா, ஃப்ளாட்டா மாத்தணுமா?

தறிநாடா:
இங்கிலாந்துல லங்காஷயர் பகுதியில இருக்கற பர்ன்லி ஊரு, அங்க ஹார்ல் சைக்ல இருக்கற குயின் ஸ்ட்ரீட் மில்லுக்கு ஸ்டீம் விடற நாளா, அதாவது பழைய நீராவி இன்ஜின ஓட்டிக் காட்டற நாளா பார்த்து போய்ட்டு வந்தேன். 1894ல கட்டினது, 1982 வரைக்கும் நிஜமாவே துணி நெய்து வித்திருக்காங்க, உலகத்துலயே நீராவியில ஓடுற நெசவுக்கூடம் இது ஒண்ணுதான் மிச்சம். 500 குதிரைசக்தி இன்ஜின், முதல் உலகப்போர் முடிஞ்சப்போ அதுக்கு 'பீஸ்' (அமைதி)னு பேர் வெச்சிருக்காங்க. 300க்கு மேல தறி நிக்குது, அதுல கொஞ்சம் ஓட்டினதுக்கே பக்கத்துல நிக்கறவர் பேசறது கேக்கல. மியூசியமா இருந்த இத 2016ல கவுன்சில் காசில்லன்னு மூடிச்சு, அப்புறம்தான் மறுபடி திறந்தாங்க. இனிமே மூடவே கூடாதுன்றது என் கருத்து.

கரிசல்மண்:
எனக்கு உடன்பாடு இல்ல. என் தாத்தா சென்னிமலையில கைத்தறி போட்டவரு. பர்ன்லியில ஒரு காலத்துல 1 லட்சத்துக்கு பக்கத்துல தறி ஓடுச்சு, அந்தத் துணியில பெரும்பங்கு இந்தியாவுக்குத்தானே வந்துச்சு. 1896ல இந்திய மில் துணி மேல 3.5 சதவீத வரி போட்டதே லங்காஷயர் முதலாளிங்க நெருக்கினதாலதான். நம்ம நெசவாளி சோத்துல கைவெச்ச இடத்துக்கு நாம ஏன் உருகணும்?

தறிநாடா:
வரி விஷயம் நூத்துக்கு நூறு உண்மை, அத நான் மறைக்கல. ஆனா வரி போட வெச்சவன் வேற, தறியில நின்னவ வேற. நாடாவுல (தறியில குறுக்க ஓடற கட்டை) தார் (நூல் சுத்தின குச்சி) மாத்தினதும் ஊடை நூல, அதாவது குறுக்கு நூல, நாடாவுல இருக்கற சின்ன கண்ணு வழியா வாயால உறிஞ்சி இழுக்கணும், ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல, பஞ்சுத்தூசு எண்ணெய் எல்லாம் நெஞ்சுக்குள்ள போகும், ஒருத்தி வாய் வெச்ச நாடாவுலயே அடுத்தவளும் வெக்கணும். சத்தத்துல காது போய் உதட்டசைவ பார்த்தே பேசிக்கிட்டாங்க. 1861லேர்ந்து 65 வரைக்கும் அமெரிக்க உள்நாட்டுச் சண்டையால பஞ்சு வராம இதே ஜனங்க கஞ்சித்தொட்டி முன்னாடி நின்னாங்க. 1931ல காந்தி இங்கேர்ந்து ரொம்ப தூரமில்லாத டார்வன் ஊருக்கு வந்தப்போ, அவரோட பகிஷ்காரத்தால வேலை போயும் மில் பொண்ணுங்க அவர சுத்தி நின்னு கை தூக்கி ஆரவாரம் பண்ணின போட்டோ இருக்கு, தேடிப் பாருங்க.

கால்வாய்க்கரை:
ரெண்டு பேருமே காசு பத்தி பேசல. நான் தினம் லீட்ஸ் லிவர்பூல் கால்வாய் ஓரமாத்தான் நடக்கறேன். 127 மைல், 1770ல தோண்ட ஆரம்பிச்சு 1816லதான் முடிஞ்சுது. பர்ன்லியில அது ஊருக்கு மேல 60 அடி உசர மண்கரையில ஒரு கிலோமீட்டருக்கு மேல நேரா போகும், கீழ எட்டிப் பார்த்தா வீட்டுக் கூரையெல்லாம் தெரியும். மில்லுங்க கரையை ஒட்டி வந்ததே அந்தத் தண்ணிக்காகத்தான், படகுல நிலக்கரி வரும், இன்ஜினுக்கு தண்ணி எடுத்துட்டு சூடா திரும்ப விடுவாங்க. நூற்பு மில்லு மாதிரி மாடி கட்டடம்னா ஃப்ளாட் ஆகும், ஆபீஸ் ஆகும். விக்டோரியா மில்லு இப்ப பல்கலைக்கழக வளாகம், அதனாலதான் நிக்குது. ஆள் புழங்காத கட்டடம் கரையான் வெச்ச வீடு மாதிரி, நாலு மழைக்கு தாங்காது.

தறிநாடா:
அதேதான் நானும் சொல்றேன், நெசவுக்கூடத்த ஃப்ளாட்டாக்க முடியாது. தறி அதிர்வுக்கு மாடி தாங்காதுன்னு தரையோட தரையா கட்டி, பாவுல (நெடுக்க ஓடற நூல்) விட்டுப்போன இழை தெரியணும்னு வடக்கு பார்த்த கண்ணாடி வெச்சு ரம்பப்பல்லு மாதிரி கூரை போட்டிருக்கான். இடிச்சா சூப்பர் மார்க்கெட் வரும், அவ்ளோதான். ஊருக்கு ஊர் நூத்துக்கணக்குல அப்படித்தான் போச்சு.

கால்வாய்க்கரை:
அந்தக் கூரைதான் காச முழுங்குது, ஒவ்வொரு பல்லுக்கு நடுவுலயும் ஒரு வாய்க்கா, ஒவ்வொண்ணும் ஒழுகும். ஒரு மில்லுக்கு செலவு பண்ணலாம், சரி. கரையோரம் காலியா கிடக்கற மத்ததெல்லாம் வீடாகட்டும், இங்க வாடகைக்கு வீடு தேடி அலையறவங்க எத்தனை பேரு.

கரிசல்மண்:
அந்தப் போட்டோ பார்த்தேன். அந்தப் பொண்ணுங்க மேல எனக்கு கோவம் இல்ல. ஆனா அந்த மில்லுல துணி எங்க போச்சு, வாங்கின ஊர்ல தறி என்னாச்சுன்னு சொவத்துல எழுதி வெச்சிருக்காங்களா? இல்லன்னா எழுதச் சொல்லி கேப்பேன். அடுத்து ஸ்டீம் விடற நாள் எப்பன்னு போடுங்க, நேர்லயே வந்து கேக்கறேன்.