பொடி வைத்து ஊதாமல் செய்த மணிகள்

செம்பு, பித்தளை, வெள்ளி மூன்றையும் நூலில் கோக்கும் ஒரே மணியில் சேர்த்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. தஞ்சாவூர்த் தட்டில் அந்த மூன்று நிறமும் சேர்ந்து நிற்கும் அழகு அப்படி. ஆனால் வாடகை வீட்டில் பொடி வைத்து ஊத, அதாவது நெருப்பில் உருக்கிப் பற்றவைக்க, வசதியில்லை. அதோடு, உள்ளே கூடான மணியில் ஈரம் அடைபட்டால் சூட்டில் வெடிக்கவும் கூடும்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் வழி கிடைத்தது. பெரியவர் ஒருவர் பித்தளை அண்டாவுக்குக் காது வைத்துக்கொண்டிருந்தார். நெருப்பே இல்லை, செம்பு ரிவிட்டும் சுத்தியலும்தான். நான் வெகுநேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஓங்கி அடிக்கக் கூடாதும்மா. ஓரத்தைச் சுத்திச் சுத்தித் தட்டு, அதுவா மடங்கிக் கொடுக்கும்" என்றார்.

என் மணிகள் அந்தப் பேச்சிலிருந்து வந்தவைதான். அரை மி.மீ. கனத் தகட்டில் 15 மி.மீ. வட்டங்கள், செம்பில் ஒன்று, பித்தளையில் ஒன்று. இரண்டையும் குழி அச்சில் வைத்துக் கிண்ணமாகத் தட்டி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குவேன். நடுவில் 17 மி.மீ. வெள்ளி வட்டம் ஒன்று தட்டையாகவே இருக்கும், அதன் ஓரம் மட்டும் மோதிரம்போல வெளியே தெரியும். மூன்றிலும் துளை போட்டு, 3 மி.மீ. செம்புக் குழாயைச் செருகுவேன். துளை இறுக்கமாக இருக்க வேண்டும், தொளதொளத்தால் மணி ஆடும்.

எல்லாமே அந்தக் குழாயில்தான் இருக்கிறது, ரிவிட்போல மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். இரு பக்கமும் ஒரு மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதிகம் விட்டால் விரியும்போது கிழியும், குறைந்தால் பிடிக்காது. குழாயை முதலில் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டும். தங்கத்தையும் செம்பையும் தட்டத் தட்ட இறுகும், காய்ச்சினால்தான் மறுபடி இளகும். கறுப்பு படிந்தால் புளி போட்டுத் தேய்த்தால் சரி. அப்புறம் கூர்முனை உளியால் வாயை விரித்து, உருண்டை முனையால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, திருப்பிப்போட்டு அந்தப் பக்கம் ஒரு தட்டு. விளிம்பு மெல்ல மலர்ந்து கிண்ணத்தின்மேல் படியும்.

கோப்பதற்கு முன் குழாயின் உள்விளிம்பை எலிவால் அரத்தால் ஒருமுறை மழுக்கிவிடுங்கள். இல்லையென்றால் நூலை அறுத்துவிடும்.